ரகரம் இரட்டித்த ஊர்

மூன்று வருடங்களுக்கு முன், சித்திரை மாத மத்தியான வெயிலில், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு பஸ் நிறுத்தத்தில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் எனக்கு முதலில் வருவது பயம் இல்லை, எரிச்சல்தான்.

என் கணவர் தமிழாசிரியர். திருவள்ளூரில் முப்பது வருடத்துக்கு மேல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். அதோடு விட்டாரா என்றால் இல்லை. ஊர்ப்பெயர்களுக்கென்று ஒரு கலைக்களஞ்சியம் போட்டார்கள், அதற்குப் பதிப்பாசிரியராக உட்கார்ந்துவிட்டார். வீட்டில் கட்டிலுக்கு அடியில்கூடத் தாள் கட்டுகள். கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்களிடம் பத்திரிகையை வாங்கியதும் சிவப்புப் பேனாவைத் தேடுவார். ஒற்றுப்பிழையைக் காட்டி, வந்தவர்கள் காபிகூடக் குடிக்காமல் எழுந்து போனது உண்டு. மானம் போனது எனக்குத்தான்.

நான் கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள். கல்யாணமான புதிதில் ‘ஊடு’ என்பேன், ‘இன்னா’ என்பேன். அவர் ஒவ்வொரு தடவையும் ‘வீடு’, ‘என்ன’ என்று பொறுமையாகத் திருத்துவார். கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அந்தப் பொறுமையோடு எப்படிச் சண்டை போடுவது? நாலைந்து வருடத்தில் என் அண்ணனே, நீ என்ன ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி பேசுகிறாய் என்று கேலி செய்ய ஆரம்பித்துவிட்டான்.

எங்கள் ஊருக்கு அடுத்த ஊர் எர்ரகுண்டா. தெலுங்கில் சிவப்புக் குட்டை என்று அர்த்தம். கலைக்களஞ்சியத்தில் இவர் அதற்கு ‘செங்குட்டை’ என்று தலைப்புக் கொடுத்தார். ஆதியில் அதுதான் பெயராக இருந்திருக்க வேண்டும், பிறகுதான் தெலுங்காக மாறியது என்பது அவருடைய முடிவு. அச்சுக்குப் போகும் முன் தாள்களை நான்தான் சத்தமாக வாசித்துக் காட்டுவேன், அவர் பிழை பார்ப்பார். அந்த இடம் வந்ததும், அங்கே யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்களே என்றேன். மக்கள் தவறாகச் சொன்னால் நூலும் தவறாகச் சொல்ல வேண்டுமா என்று கேட்டார். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. விட்டுவிட்டேன்.

புத்தகம் வந்தது. அதைப் பார்த்து யாரோ, எர்ரகுண்டா பஸ் நிறுத்தத்தில் ‘செங்குட்டை’ என்று புதுப் பலகை வைத்துவிட்டார்கள். செய்தி காதில் விழுந்த அன்று இவருக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சித்திரையில் உறவுக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு அந்தப் பக்கம் போயிருந்தோம். சாப்பாடு முடிந்து, ரயில் பிடிக்க கும்மிடிப்பூண்டிக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். நடுவில் இந்த நிறுத்தத்தில் திடீரென்று எழுந்து, “இறங்கு, பலகையைப் பார்த்துவிட்டு அடுத்த பேருந்தில் போகலாம்” என்றார். மண்டையைப் பிளக்கிற வெயில். ஒரு பக்கம் கம்பி கம்பெனியின் நீளமான சுவர், இன்னொரு பக்கம் கருவேலம் புதர். மனித நடமாட்டமே இல்லை. எங்கள் வீட்டார் எல்லாம் தொழிற்பேட்டைக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு எப்போதோ சென்னைக்குப் போய்விட்டார்கள். தண்ணீர் கேட்கக்கூட எனக்கு அங்கே ஆள் கிடையாது.

பலகையின் மேல் ‘வேலைக்கு ஆட்கள் தேவை’ என்று ஒரு நோட்டீஸ் ஒட்டி, ‘ட்டை’யை மறைத்திருந்தார்கள். அது போதாதா இவருக்கு? எம்பி எம்பி நகத்தால் சுரண்ட ஆரம்பித்தார். வாங்க, வாங்க என்று நான் கத்துகிறேன், காதிலேயே வாங்கவில்லை. கடைசித் துண்டையும் கிழித்துவிட்டு, மார்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். சட்டை முழுக்க வியர்வை. முகம் வெளுத்துவிட்டது. இடது கை வலிக்கிறது என்றார்.

என் போனை வீட்டில் சார்ஜில் விட்டிருந்தேன். அவருடையது பட்டன் போன். அதில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். எந்த ஊர் என்று கேட்டார்கள். தலையை நிமிர்த்தினேன், எதிரே கொட்டை எழுத்தில் இருந்தது. செங்குட்டை என்றேன்.

கொஞ்ச நேரத்தில் டிரைவர் கூப்பிட்டார். கும்மிடிப்பூண்டியில் அப்படி ஒரு ஊரே இல்லையே என்றார். இருக்கிறது, பலகை இருக்கிறது என்றேன். பக்கத்தில் என்ன இருக்கிறது என்றார். கம்பெனிச் சுவர் என்றேன். அங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் கம்பெனிச் சுவர்தானே, அவர் என்ன செய்வார்? வேறு ஏதோ கேட் வரைக்கும் போய்த் திரும்பி, மறுபடி கூப்பிட்டார். கண்டெய்னர் லாரிகளுக்குக் கை காட்டினேன், ஒன்றும் நிற்கவில்லை. என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்த மனுஷர் கண்ணைத் திறக்காமலே, “எழுத்துக் கூட்டிச் சொல்” என்கிறார். அந்த நிமிடத்தில் அழுவதா, அவரைத் தூக்கிப் போட்டு மிதிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் எழுத்துக் கூட்டித்தான் சொன்னேன்.

மூன்றாவது தடவை டிரைவர் கூப்பிட்டபோது, ரெண்டாவது ஷிப்டுக்குப் போகிற ஒரு பெண் சாப்பாட்டுப் பையோடு வந்தாள். நீல கோட்டு, முப்பது வயதுக்குள் இருக்கும். நான் போனில் கத்துவதைக் கேட்டுவிட்டு ஓடி வந்தாள்.

“இன்னாம்மா, எந்த ஊருன்னு சொல்லிக்கினு கீறீங்க?”

பலகையைக் காட்டினேன்.

“அத்த யாரும்மா படிக்கிறாங்க. இது எர்ரகுண்டாம்மா” என்றவள், போனை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். “அண்ணா, எர்ரகுண்டா ஸ்டாப்புண்ணா. கம்பி கம்பெனி பின் கேட்டாண்ட. சீக்கிரம் வாண்ணா.”

அவ்வளவுதான். அந்தாண்டை டிரைவர், இதை முதலிலேயே சொல்லக் கூடாதா என்று சலித்துக்கொண்டது எனக்கே கேட்டது. ஐந்து நிமிடத்தில் வண்டி வந்துவிட்டது. ஸ்ட்ரெச்சரின் ஒரு பக்கத்தை அந்தப் பெண்ணும் பிடித்துத் தூக்கினாள். அவளுடைய கம்பெனி பஸ் வந்து நின்று, போயே போய்விட்டது. அதைக்கூட அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பெயர் கேட்கத் தோன்றவில்லை எனக்கு.

இன்னும் கால் மணி நேரம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். அடைப்பை எடுத்தார்கள். நாலாம் நாள் இவர் எழுந்து உட்கார்ந்து பேனாவும் தாளும் கேட்டார். எனக்கு என்னவோ எழுதப் போகிறார் என்று நினைத்தேன், என் புத்தி. அடுத்த பதிப்புக்குத் திருத்தமாம். அந்த ஊரின் தலைப்பை மாற்றப் போகிறாராம். சரி, மனுஷருக்குப் புத்தி வந்துவிட்டது என்று எட்டிப் பார்த்தால், ‘எரகுண்டா’ என்று எழுதியிருக்கிறார். ஒரு ‘ர’தான் இருக்கிறதே என்றேன். தமிழில் ரகரம் இரட்டிக்காது, அது இலக்கணம் என்றார்.

நாற்பது வருடத்தில் முதல் தடவையாக அவரை எதிர்த்து என் வாய் திறந்தது. அதுவும் என் ஊர்ப் பேச்சில் திறந்தது.

“அந்தப் பொண்ணு வாயில எரட்டிச்சுங்க. அதனாலதான் நீங்க இன்னிக்கு உக்காந்துகினு இலக்கணம் பேசறீங்க.”

பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். இவர் தாளை மறுபடி தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அப்புறம் இன்னொரு ‘ர்’ சேர்த்தார்.

இப்போது வீட்டில் நான் ‘ஊடு’ என்றுதான் சொல்கிறேன். அவர் திருத்துவதற்கு வாயைத் திறப்பார், பிறகு மூடிக்கொள்வார். ஆனால் குற்றம் முழுவதையும் அவர் தலையில் கட்டிவிட என்னால் முடியவில்லை. அந்தப் பெண் மட்டும் வரவில்லை என்றால் என்று நினைக்கும்போதெல்லாம், பேசத் தெரிந்த நாளிலிருந்து என் நாக்கில் இருந்த ஊர்ப்பெயரை, அவர் உயிருக்கு அது தேவைப்பட்ட நேரத்தில் நானே மறந்து, பலகையைப் பார்த்து வாசித்துக்கொண்டு நின்றேனே, அதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.