அஞ்சலாட்சியின் கைப்பேச்சு

நெல்லித்தோப்பு அஞ்சலாட்சியிடம் வாய் கொடுத்து மீண்டவர் எவரும் இல்லை. அப்படிப்பட்டவள் ஒருநாள் வாயே திறக்காமல் ஜெயித்தாள் என்றால் யார் நம்புவார்கள்?

மில்லில் தறி ஓட்டியவள். அந்த இரைச்சலில் கத்தினாலும் காதில் விழாது, எல்லாம் கைப்பேச்சுதான். உள்ளங்கையைக் கவிழ்த்தால் 'நிறுத்து'. விரலைச் சுழற்றினால் 'ஓடட்டும்'. மில் வேலை போனபிறகு ஊசுட்டேரிக் காட்டில் காவல் வேலை கிடைத்தது. பள்ளிப் பிள்ளைகள் நடந்துபோய்ப் பறவை பார்க்க ஏரிக் கரையோரம் ஒரு பாதை வேண்டுமென்று வன ஆபீசை நச்சரித்தே, எண்பத்துநாலில் வாங்கிவிட்டாள். ஆனால் அதிகாரி வந்து பார்த்து, பிரயோசனம் என்று சொன்னால்தான் பாதை நிலைக்கும். இல்லையென்றால் முள்வேலி போட்டு மூடிவிடுவார்கள்.

அந்த நாளும் வந்தது. ரெட்டியார்பாளையத்துப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ஏரி நிறைய வாத்தும் நாரையும். ஜீப் வந்து நின்றதுதான் தாமதம், கூடக் காவல் பார்க்கும் சாமிக்கண்ணு சரவெடியைக் கொளுத்திப் போட்டார்! அவ்வளவுதான், ஏரியே எழுந்து பறந்துவிட்டது.

"யோவ், ஒனக்கு அறிவு இருக்கா? பாதைக்கே ஒல வச்சிட்டியே!"

"என்னா அஞ்சலாட்சி, பெரிய மனுசன் வர்றாரு, வெடி போட வேணாமா?" என்றார் அவர், பாவம்போல.

அதிகாரி வெறும் தண்ணீரைப் பார்த்தார். "பறவை எங்கம்மா?"

அஞ்சலாட்சி முன்னே வந்தாள். "செத்த நேரம் இருங்க சார், வந்துடும். ஆனா ஒருத்தரும் சத்தம் போடக்கூடாது."

பிள்ளைகளாவது, சும்மா இருப்பதாவது! அங்கேதான் மில் கைகொடுத்தது. கைப்பேச்சை அங்கேயே எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தாள். பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகிப்போனது. புதர் மறைவில் குந்திக்கொண்டு கையாலேயே பேசினார்கள். அதிகாரி ஏதோ கேட்க வாயெடுத்தார். அஞ்சலாட்சி உள்ளங்கையைக் கவிழ்த்தாள். அவரும் கப்சிப். சாமிக்கண்ணு இருமலைத் துண்டால் அமுக்கிக்கொண்டார்.

வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. அப்புறம் ஒற்றை நாரை வந்து இறங்கியது. அதன் பின்னால் இன்னும் சில. பிறகு பாருங்கள், வானம் கொள்ளாத வாத்துக் கூட்டம்! ஒரு பெண்குழந்தை கத்த வந்த வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டது. அஞ்சலாட்சிக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

பாதை என்னாகும் என்று கேட்க அவள் நாக்கு துடித்தது. கேட்டால் பறந்துவிடுமே! அதிகாரியைப் பார்த்துப் புருவத்தை மட்டும் உயர்த்தினாள்.

அவர் மெதுவாகக் கையைத் தூக்கி, விரலைச் சுழற்றினார்.