அறுத்த கயிற்றை அவர்கள் வீணாக்கவில்லை

சினிமா ஸ்டூடியோக்காரர்கள் எதையும் வீணாக்க மாட்டார்கள். இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். என் கழுத்தை வைத்தே காட்டிவிட்டார்கள், மகராசன்கள்.

மதராஸில் பெரிய ஸ்டூடியோ அது. சொந்தமாக லேபரட்டரி, சொந்தமாகத் தியேட்டர்கள், மாதச் சம்பளத்துக்கு நடிகர்கள். மலை வேண்டுமென்றால் துணியில் எழுதி நிறுத்திவிடுவார்களாம். துணி மலை ஜனங்களுக்குச் சலித்துப்போனதோ என்னவோ, நிஜ மலையைப் படம் பிடிக்க கடல் தாண்டி டிக்கோயாவுக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஒரு சின்னக் கூட்டத்தை அனுப்பினார்கள். கதாநாயகியை அனுப்பவில்லை. அவளைக் கப்பலேற்றிக் கூட்டிவந்தால் செலவு. அவளுடைய புடவை மட்டும் வந்தது. அதைக் கட்டிக்கொண்டு முதுகு காட்டி நிற்க ஓர் ஆள் தேவைப்பட்டது.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கங்காணி என்னைக் கைகாட்டினார். உயரம் ஒத்துப்போனதாம். எனக்கோ தை மாதத்தில் கல்யாணம். மாப்பிள்ளை பக்கத்து ஊரான நோர்வூட்டில் இருந்த அத்தை மகன். சின்ன வயதிலிருந்தே அவர் மேல் எனக்கு ஆசை. அதைச் சொல்ல இப்போது என்ன வெட்கம்? அம்மாவுக்கு இந்தச் சினிமா வேலை பிடிக்கவில்லை. "தோட்டத்துப் பெரிய தொரையே சரின்னுட்டாரு. நாம மாட்டோம்னா அவுங்க குடுத்த லயத்து வீட்டுல இருக்க முடியுமா?" என்று அப்பா அவள் வாயை அடைத்தார்.

மாரியம்மன் கோயில் வாசலில் கதாநாயகன் தாலி கட்டுகிற காட்சி. கதாநாயகனும் வரவில்லை. அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு மேக்கப் போடுகிற ஆள் நின்றான். அவன் பேர்கூட எனக்கு இன்றுவரை தெரியாது. படத்துக்கென்று கொண்டுவந்த தாலியை அவர்கள் தங்கியிருந்த ஹட்டனிலேயே மறந்து வைத்துவிட்டு வந்திருந்தார்கள்.

"வெறும் மஞ்சக் கயிறு போதும்மா. தூரத்திலேருந்து யாருக்குத் தெரியப்போவுது?" என்றார் அவர்களுடைய மேனேஜர்.

அம்மா விடவில்லை. "கண்ணாலமாகாத பொண்ணு கழுத்துல மூளிக் கயிறா? வெளங்குமாங்க?" என்று லயத்துக்கு ஓடி, ஒரு விரலி மஞ்சளை எடுத்துவந்து கயிற்றில் முடிந்து கொடுத்தாள். பவுனுக்கு வழியில்லாத எங்கள் லயங்களில் அதுதான் தாலி. அம்மா கழுத்திலும் அதுதான். கெட்டதைத் தடுக்கப் போய், முழுத் தாலியையே செய்து அந்நியன் கையில் கொடுத்துவிட்டாள் என் தாய்.

கோயில் பண்டாரம் மட்டும் முனகினார். "ஆத்தா கண்ணு முன்னால வெளையாட்டுக்குக் கட்டாதீங்க தாயி." யார் கேட்டார்கள்? தப்பு மேளம் முழங்கியது. பெண்கள் நிஜமாகவே குலவை போட்டார்கள். அந்த ஆள் முடிச்சுப் போட்டபோது அவன் விரல்கள் சில்லென்று பட்டன.

அந்த நேரம் பார்த்துப் பள்ளத்திலிருந்து பனி ஏறி வந்து எங்களை மூடியது.

"கெட்டுது போ! இன்னொரு தடவை எடுக்கணும். அதைக் கழட்டுங்க" என்று டைரக்டருடைய உதவியாள் கத்தினான்.

ஒருவரும் அசையவில்லை. கட்டியதைக் கழற்ற எந்தப் பெண் கை நீட்டுவாள்? தப்பு நின்றுபோயிற்று. கேமராவின் உறுமல் மட்டும் நிற்கவில்லை. கத்திய உதவியாளே வந்து முடிச்சை நெருடினான். தூறலில் நனைந்த முடிச்சு இளகவில்லை. பொறுமை கெட்டு ஒரே இழுப்பாக இழுத்தான். கயிறு கழுத்தை அறுத்துக்கொண்டு வந்தது. "அய்யோ பாவி, அறுக்காதடா!" என்று அம்மா தலைவிரிகோலமாக ஓடிவந்தாள்.

நான் மறுபடி நிற்க மாட்டேன் என்று, என் பாவாடை தாவணிக்கு மேல் சுற்றியிருந்த அவர்கள் புடவையை உருவி எறிந்துவிட்டு ஓடினேன். மேனேஜர் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஃபிலிம் என்ன வெலைன்னு தெரியுமா? ஓர் அடி வீணானாலும் எங்க மொதலாளி தோலை உரிச்சிருவாரு!"

விஷயம் நோர்வூட்டுக்குப் போகக் கூடாது என்று லயமே வாயைக் கட்டிக்கொண்டது. தோஷம் கழியட்டும் என்று பண்டாரம் எனக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றினார். தை பிறந்தது, அத்தை மகன் தாலி கட்டினார். அன்றிலிருந்து அவர் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு மலையேறும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். அவருக்கு லேசாகக் காய்ச்சல் கண்டாலும் அம்மன் கணக்குத் தீர்க்க வந்துவிட்டாள் என்று நடுங்குவேன்.

அடுத்த வருஷம் ஹட்டனுக்கு அந்தப் படம் வந்தது. அத்தை சினிமாப் பைத்தியம். பாட்டுப் புத்தகம் ஒன்றுவிடாமல் வாங்குவாள். "நம்ம மலையெல்லாம் காட்டுறாங்களாம்டி, கெளம்பு" என்றாள். தலைவலி என்றேன். "படம் பாத்தாப் போயிரும்" என்று சிரித்தார் என் வீட்டுக்காரர். பகல் ஆட்டத்துக்குப் போனோம். நான் நடுவில், இரண்டு பக்கமும் அவர்கள்.

கல்யாணக் காட்சி வந்தது. அட்டைக் கோயில், நிஜக் கதாநாயகி, பவுன் தாலி. ஸ்டூடியோவுக்குள்ளேயே எடுத்துவிட்டிருந்தார்கள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவர் வாங்கித் தந்த கச்சான் கடலையைக் கொறிக்கக்கூடத் தொடங்கினேன்.

பிறகு கதாநாயகன் செத்துப்போனான். அடுத்து எங்கள் கோயில், பனி, முதுகு காட்டி நிற்கும் ஒரு பெண். ஒரு கை வந்து அவள் தாலியை இழுத்து அறுத்தது. தியேட்டரே விம்மியது. பனிக்குள்ளிருந்து வாயைப் பிளந்துகொண்டு அம்மா ஓடிவந்தாள். அவள் குரல் இல்லை, வயலின்தான் அழுதது. முகம் மட்டும் திரை நிறைய இருந்தது.

"அண்ணி!" என்றாள் அத்தை. "அது நம்ம அண்ணிடா!" பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினாள். என் பின்கழுத்தில் இருந்த தழும்பைக் கொசு கடித்துப் புண்ணானது என்று சொல்லிவைத்திருந்தேன். அவள் விரல் அந்தத் தழும்பைத் தேடிவந்து தொட்டது.

"அறுத்த கழுத்துலயாடி எம் மவன் கட்டினான்?"

படத்துக்கென்று எடுத்தது என்றேன், கெஞ்சினேன். அவள் காதில் விழவில்லை. எனக்குக் குறுக்கே கை நீட்டி மகன் மணிக்கட்டைப் பிடித்து, எரிகிற வீட்டிலிருந்து பிள்ளையை இழுப்பது போல இழுத்துக்கொண்டு போனாள். அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பார்த்தபடியே போனார்.

நான் டிக்கோயாவுக்கு நடந்தேன், அம்மா வீட்டுக்கு. அவர் வேறு கல்யாணம் செய்து நன்றாக இருக்கிறார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். நன்றாகவே இருக்கட்டும். அவர் கட்டியது இன்னும் என் கழுத்தில் இருக்கிறது. அதைக் கழற்ற யாரும் வரவில்லை.