சர்க்கார் சேனலுக்கு ஏன் பூட்டு

எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றுக்குள் போய்விடுவேன். ஞாபகமும் முன்னைப் போல நிற்பதில்லை. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

ஆண்டு மலருக்குச் சிறுவயது நினைவு ஒன்று எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தார்கள். என் சிறுவயதில் சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. அதனால் என் கடைசி மகளின் சிறுவயதில் நடந்ததை எழுதுகிறேன். அப்போது அவளுக்கு எட்டோ ஒன்பதோ வயது. எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. ஆனாலும் நடந்ததை நினைத்துப் பார்த்தால் அந்த வீட்டில் சின்னப்பிள்ளையாக இருந்தது நான்தான் என்று தோன்றுகிறது.

மகளுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. எங்கள் வீட்டுக்குள் சௌராஷ்டிர பாஷை, வாசலைத் தாண்டினால் தமிழ். மூத்த பிள்ளைகள் இரண்டையும் மாற்றி மாற்றிப் பேசுவார்கள். இவளுக்கு இரண்டுமே எட்டவில்லை. சோறு, தண்ணீர், தூக்கம், வலி, இவற்றுக்கு மட்டும் எங்களுக்குள் ஜாடை உண்டு. அதற்கு மேல் அவள் மனதில் என்ன ஓடுகிறது என்று கேட்க எனக்கு வழி தெரியாது. பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய், கரும்பலகையில் இருப்பதை முத்து முத்தாகப் பார்த்து எழுதி வருவாள். என்ன எழுதினோம் என்று அவளுக்கே தெரியாது.

பழங்காநத்தத்தில் வாடகைக்கு இருந்தபோது கேபிளில் டிவி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மூத்தவன் சேனலை மாற்றிக்கொண்டே போக, சர்க்கார் சேனலில் ஒரு அம்மாள் தெரிந்தார். குரல் ஒன்று செய்தி வாசிக்க, அந்த அம்மாள் அதையே இரண்டு கைகளாலும் சொல்லிக்கொண்டிருந்தார். காது கேளாதவர்களுக்கான செய்தியாம். அப்பளத்தை மென்றுகொண்டிருந்த மகள் அப்படியே எழுந்துபோய் டிவி முன்னால் நின்றுவிட்டாள். கையால் பேசுகிற பெரிய மனுஷி ஒருத்தர் உலகத்தில் இருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு ஞாயிறு என்றால் அவளுக்குத் திருவிழா. தலைக்குக் குளித்து, நல்ல கவுன் போட்டு, விருந்தாளிக்குக் காத்திருப்பது போல உட்கார்ந்திருப்பாள். அந்த அம்மாளுக்கு ஒரு பெயரும் வைத்தாள். நெற்றியில் கட்டைவிரலை வைத்து ஒரு சுற்று சுற்றுவாள். பெரிய பொட்டுக்காரி என்று அர்த்தம். செய்தி முடிந்து அவர் கும்பிட்டால் இவளும் கும்பிடுவாள். செய்தியில் அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. ஆனால் வாரம் முழுக்க அவள் கைகள் ஓயாது. பூனைக்குச் செய்தி வாசிப்பாள், உலர்கிற துணிக்கு வாசிப்பாள். என் வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்தால் அவருக்கும் வாசிப்பாள். அவர் பெரிய மனுஷன் மாதிரி தலையை ஆட்டிவிட்டு, "விலைவாசி ஏறிப்போச்சாம்" என்று எங்களுக்குச் சொல்வார்.

பிறகு திருநகரைத் தாண்டி ஒரு புது பிளாட்டில் சொந்தமாக வீடு கட்டிப் போனோம். சுற்றிலும் கருவேலமும் காலிமனையும். கேபிள்காரர் அவ்வளவு தூரம் வயர் இழுக்க மாட்டேன் என்றுவிட்டார். மொட்டை மாடியில் டிஷ் என்கிற குடையை மாட்டி, கீழே ஒரு பெட்டியும் அதற்குள் ஒரு கார்டும் வைத்தார்கள். விற்க வந்தவர், "சர்க்கார் சேனலெல்லாம் ப்ரீ சார்" என்று சொல்லியிருந்தார். வீட்டுக்காரர் அந்த ஒரு வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பணம் கட்டிய கெடு முடிந்தபோது மறுபடி கட்டவில்லை. மற்ற சேனல்கள் போனால் போகட்டும், சீரியல் பார்த்து அழுதது போதும், சர்க்கார் சேனல் சும்மாவே வரும் என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் தலைவாரி உட்கார்ந்தாள். டிவியைப் போட்டேன். கறுப்புத் திரையில் நாலு வரி எழுத்து மட்டும் வந்தது. சர்க்கார் சேனலும் இல்லை.

வீட்டுக்காரருக்கு வந்ததே கோபம். உடனே கம்பெனிக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் ஒரு பெண்பிள்ளை பேசியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"ஏம்மா, அது சர்க்கார் சேனலு. அதப் பூட்ட ஒங்களுக்கு யாரு அதிகாரம் குடுத்தா? நாளைக்கு ஜனாதிபதி பேசுனாலும் பூட்டுவீகளா?"

"ரீசார்ஜ் பண்ணுனீங்கன்னா ஜனாதிபதியும் வருவாரு சார்."

கட்டித் தொலைத்துவிடலாமே என்று நான் மெதுவாகச் சொன்னேன். "காசுக்காக இல்ல. இன்னைக்கு சர்க்கார் சேனலுக்குக் கேப்பான், நாளைக்கு வைகைல கை நனைக்கக் கேப்பான்" என்றார். ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிற மனுஷன். நியாயம் என்று ஒன்று தலைக்குள் போய்விட்டால் உட்காரவே மாட்டார்.

நடுவில் மகள் என்னைப் பார்த்தாள். நெற்றியில் கட்டைவிரலைச் சுற்றினாள். எங்கே என்று உள்ளங்கையை விரித்தாள். ரீசார்ஜ் என்பதை எந்தக் கையால் சொல்வது? பூட்டைத் திருகுவது போலக் காட்டினேன். அவள் ஓடிப்போய் பீரோவின் சாவிக்கொத்தை எடுத்து வந்தாள். கார்டு செருகுகிற பிளவில் ஒவ்வொரு சாவியாக வைத்துப் பார்த்தாள். ஒன்றும் நுழையவில்லை. வீட்டுக்காரர் அதுவரை போனில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தவர், அதைப் பார்த்ததும் போனை வைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

அந்த வாரம் அவள் பூனைக்குச் செய்தி வாசிக்கவில்லை. கைகளைத் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்திருப்பாள். பசித்தால்கூட ஜாடை காட்டவில்லை. தட்டை எடுத்து வந்து என் முன்னால் வைப்பாள், அவ்வளவுதான். அந்தக் கைகள் அப்படியே நின்றுபோய்விடுமோ என்று எனக்குப் பயம். யாரிடம் சொல்வது?

எதிர்மனையில் ஒரு குடும்பம் இருந்தது. உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பம். அந்த வீட்டுத் தங்கச்சி வாய் ஓயாமல் பேசும். அவர்களிடமும் குடை உண்டு. ஞாயிறு மதியம் அங்கே சினிமா ஓடும். ஒரு வீட்டுச் சினிமாவை நிறுத்தி, என் பிள்ளைக்காகச் செய்தி வையுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நான் எதையும் யாரிடமும் கேட்டுப் பழகாதவள். ஆனால் அவளே மகளின் முகத்தைப் பார்த்து விசாரித்துவிட்டாள். கேட்டதும் தன் பெட்டியிலிருந்த கார்டை உருவி, சர்க்கரை இரவல் கொடுப்பது போல முந்தானையில் மறைத்துக் கொண்டுவந்தாள்.

"இதப் போட்டுப் பாருங்கக்கா. எங்க வீட்டுக்காரரு ஆத்துப் பக்கம் போயிருக்காரு, வாறதுக்குள்ள எடுத்துக்கிருவோம்."

போட்டோம். இந்தக் கார்டு இந்தப் பெட்டிக்கு உரியதல்ல என்று திரையில் வந்தது. "அட, புருசன் பொண்டாட்டி மாதிரில்ல ஒட்டிக்கிட்டு இருக்கு!" என்று அவள் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. போகும்போது, "எங்க சித்தப்பா மகன் ஒருத்தன் குடை மாட்டுற வேலதான் பாக்குறான். வரச் சொல்றேன்" என்றாள். அவளை நினைக்கும்போதெல்லாம் இன்றைக்கும் கை தானாகக் குவிகிறது.

அடுத்த ஞாயிறு காலையில் அந்தத் தம்பி வந்தார். வீட்டுக்காரருக்கு அன்று ஞாயிறும் கடை உண்டு, புறப்பட இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஊரே கேட்கும்படி பேசுகிறவர் அந்தத் தம்பி, பெருமைக்கும் குறைவில்லை. திருமங்கலம் ரோட்டில் தன் கைபடாத குடையே கிடையாது என்றார்.

"அதெல்லாம் இருக்கட்டும். சர்க்கார் சேனலுக்கு ஏன்யா பூட்டு?" என்றார் வீட்டுக்காரர்.

"அண்ணே, ஓட்டல்ல மீல்ஸ் சாப்பிடுறீக. அப்பளம் ப்ரீதான?"

"ஆமா."

"டோக்கன் எடுக்காம எலையில உக்காந்து, அப்பளம் மட்டும் வைய்யின்னு கேட்டா வைப்பானா? இந்தக் கம்பெனிக்காரன் எல்லாச் சேனலையும் ஒரே மூட்டையாக் கட்டி மேல அனுப்புறான். மூட்டைக்குத்தான் பூட்டு. சர்க்கார் சேனலும் அதுக்குள்ளதான கெடக்கு. தொறக்குற கார்டு தூங்கிருச்சுன்னா அப்பளமும் வராது. மேட்சு ஓடுறப்ப சிலோன்காரன் ஓசில பாத்துருவான்னு பூட்டுறதும் உண்டு. அது வேற கத."

வீட்டுக்காரர் இட்லியைப் பிட்டபடி யோசித்தார். "அப்ப அப்பளம் மட்டும் சும்மா போடுற எடமே இல்லையா?"

"ஏன் இல்ல? கோயில்ல அன்னதானம் போடலயா? சர்க்காரு தனியா ஒரு மூட்டைய மேல விட்டுருக்கு. பூட்டும் இல்ல, கார்டும் இல்ல. பெட்டி மட்டும் ஒரு தடவ வாங்கணும். குடைய அந்தப் பக்கமாத் திருப்பணும், அம்புட்டுத்தான்."

"அப்ப கோயில் பக்கமே திருப்பு" என்று கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். ஒரு வாரமாக அந்த முகத்தில் இல்லாத சிரிப்பு. அவருக்கு நியாயம் கிடைத்துவிட்டது. கடைக்குப் போய்விட்டார்.

தம்பி புதுப்பெட்டியோடு திரும்பி வரும்போதே வெயில் ஏறிவிட்டது. செய்தி நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. டிவியில் ஒரு பட்டையைக் காட்டினார். குடை சரியான திசைக்கு வரவர அந்தப் பட்டை வளருமாம். "நான் மாடில திருப்புறேன். பாப்பா பட்டையப் பாத்துக் கத்தட்டும்" என்றார்.

"அவளுக்குக் காது கேக்காது தம்பி. பேச்சும் வராது."

மகளை ஒரு தடவை பார்த்தார். "அப்ப நீங்க கத்துங்கக்கா" என்று மாடிக்கு ஏறிவிட்டார்.

நான் எங்கே கத்துவது? என் குரல் எங்கள் வீட்டு வாசலையே தாண்டியதில்லை. மேலேயிருந்து அவர் "வந்துருச்சா? எம்புட்டு இருக்கு?" என்று கூவ, நான் வாசலில் நின்று முணுமுணுக்க, அவருக்குக் கேட்காமல் மறுபடி கூவ, குடை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆடியது. பட்டை அசையவே இல்லை. இந்த ஞாயிறும் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

இதையெல்லாம் மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். டிவியைப் பார்த்தாள், ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தாள், மாடிச்சுவரில் எட்டிப் பார்க்கிற தலையையும் பார்த்தாள். யாரும் அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. தொடைக்குக் கீழிருந்து கைகளை எடுத்தாள். இரண்டு உள்ளங்கைகளையும் எதிரெதிரே வைத்து, பட்டை எவ்வளவு நீளமோ அவ்வளவு இடைவெளி காட்டினாள்.

நான் அதையே மாடியைப் பார்த்துக் காட்டினேன்.

தம்பி குடையைக் கொஞ்சம் கிழக்கே தள்ளினார். மகள் கைகளை விரித்தாள், நான் விரித்தேன். இன்னும் தள்ளினார். அவள் சட்டென்று குறுக்கினாள், நானும் குறுக்கினேன். அவர் திரும்ப எடுத்து, குடையைக் கொஞ்சம் குனிய வைத்தார். அவள் கைகள் விரிந்துகொண்டே போயின. கடைசியில் சிறகு மாதிரி இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நின்றாள். வாசலில் நானும் நின்றேன். எதிர்வீட்டுத் தங்கச்சி வெளியே வந்து, "என்னக்கா, பறக்கப் போறீகளா?" என்றாள்.

"யக்கா!" என்று மேலேயிருந்து தம்பி சத்தம் போட்டார். "இம்புட்டு லேசா நான் எந்த வீட்லயும் திருப்புனதில்ல! மத்த வீட்ல கத்திக் கத்தித் தொண்ட போயிரும், வருது வரலன்னுதான் சொல்லுவாக. எம்புட்டு வருதுன்னு பாப்பா மட்டுந்தான் சொல்லிருக்கு!"

படம் வந்தது. சற்று நேரத்தில் பொட்டுக்கார அம்மாளும் வந்தார். அவர் கும்பிடுவதற்கு முன்னாலேயே மகள் கும்பிட்டாள். நான் கொடுத்த மோரைக்கூடக் குடிக்காமல் தம்பி நின்று அதைப் பார்த்தார். பூட்டியவர்களுக்கும் சேர்த்தே நன்றி சொல்ல வேண்டும் போலிருந்தது எனக்கு.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு அன்று புரியாதது. செய்தி ஓடிக்கொண்டிருக்கும்போதே மகள் டிவியை விட்டு எழுந்தாள். என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் முகவாயைப் பிடித்து மெல்லத் திருப்பினாள். கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் கீழே, கை எடுத்துப் பார்த்து, மறுபடி இம்மி திருப்பி. என் கண் அவள் கைக்கு நேரே வந்ததும் நிறுத்திவிட்டு எதையோ வேகவேகமாகச் சொல்ல ஆரம்பித்தாள். மாடியில் தம்பி குடையைத் திருப்பியதைப் போல விளையாடுகிறாள் என்று நினைத்தேன். கன்னத்தைத் தட்டிவிட்டு, ரசம் கொதிக்கிறது என்று அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அவள் சலிக்கவில்லை. தினம் வந்து திருப்பினாள். அவள் திருப்பியது எதற்காக என்று எனக்கு விளங்க இன்னும் சில வருஷம் ஆயிற்று. இப்போது எங்கள் வீட்டில் மூன்று பாஷை. கையால் பேசுகிற மூன்றாவதில்தான் நான் கூச்சமில்லாமல் பேசுகிறேன்.

அந்தச் செய்தி ஞாயிறு மதியம் எத்தனை மணிக்கு வந்தது, குடை எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்குத் திரும்பியது, பூட்டு விஷயத்தில் அந்தத் தம்பி சொன்னது முழுக்கச் சரிதானா, இதையெல்லாம் விவரம் தெரிந்த யாராவது ஒருவர் பார்த்துத் திருத்திக்கொடுங்கள். என் முகவாயைத் திருப்பிய இடத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம். அது சரியாகத்தான் இருக்கிறது.