அமெரிக்கா போய் வந்தவளிடம் கேட்காத சான்றிதழ்

2009 குளிர்காலம். மெல்பர்னில் பன்றிக் காய்ச்சல் வேகமாகப் பரவிய நேரம். ஒரு பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்கான ஆலோசகராக இருந்தேன். திங்கட்கிழமை காலை, நர்சிங் படிக்கும் கவிதா என் அறைக்குள் வந்தாள். மதுரைப் பெண். கூடவே ஒரு சீன மாணவியும் ஒரு வியட்நாம் மாணவனும்.

"பிளேஸ்மென்ட் பயிற்சிக்குப் போன முதியோர் இல்லத்துல எங்க மூணு பேரையும் வாசல்லயே நிறுத்திட்டாங்க மேடம். காய்ச்சல் இல்லைன்னு டாக்டர் சர்டிஃபிகேட் வேணுமாம். எங்க குரூப்ல மத்த ஒன்பது பேரும் இந்த ஊர்க்காரங்க, அவங்க உள்ள போயிட்டாங்க."

பயிற்சி மணித்தியாலங்கள் குறைந்தால் பாடத்தில் ஃபெயில். விசாவுக்கும் சிக்கல். நான் சுலபமான வழியைச் சொன்னேன்.

"எடுத்துக் குடுத்திட்டுப் போங்கோ பிள்ளையள். ஒரு நாள் வேலைதானே."

கவிதாவின் முகம் சிவந்துவிட்டது. "எங்களுக்கு இருமல்கூட இல்ல மேடம். அந்த ஒன்பது பேர்ல எமிலி போன வாரம்தான் அமெரிக்காவுலேர்ந்து வந்தா. அவளைக் கேக்கல. நாங்க மட்டும் காட்டினா, நோய் எங்க மூஞ்சியிலதான் இருக்குன்னு நாங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. "ஓம் பிள்ளை, நான் சொன்னது பிழை" என்றேன்.

உடனே இல்லத்து மேலாளரைத் தொலைபேசியில் பிடித்து, அந்த விதியை எழுத்தில் தரும்படி கேட்டேன். எழுத்தில் ஒன்றுமில்லையாம், முதியவர்களின் பாதுகாப்புக்காம்.

மறுநாள் மூவருடன் நானும் போனேன். மேலாளர் வாசலை மறித்து அதையே திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது உள்ளேயிருந்து எமிலி வந்தாள்.

"வெளிநாடு போய் வந்தது நான். என்னிடம் ஏன் கேட்கவில்லை?"

அவள் கேட்டு முடிப்பதற்குள் மற்ற எட்டுப் பேரும் வந்து அவளருகில் நின்றார்கள். யாரும் கத்தவில்லை. அவர் எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனார். அரைமணி நேரத்தில் ஒரு படிவத்துடன் திரும்பினார். காய்ச்சல் உண்டா, அண்மையில் வெளிநாடு போனீர்களா என்ற கேள்விகள். ஊழியர், மாணவர் எல்லோருக்கும் அதுதான். முதல் கையெழுத்தை அவரே வைத்தார். மூவரிடமும் மன்னிப்பும் கேட்டார்.

அந்தப் படிவப்படி வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது எமிலி ஒருத்திதான். விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே போனாள். கவிதா தலை நிமிர்ந்து உள்ளே நடந்தாள். தவறிய மணித்தியாலங்களை எமிலி உட்பட நால்வருக்கும் ஈடுசெய்து கொடுத்தோம். பன்னிரண்டு பேரும் பாஸ்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒரு மாணவரிடம் ஏதோ கேட்கிறார்கள் என்றால், அதை எப்படிக் கொடுப்பது என்று யோசிக்காதீர்கள். வேறு யாரிடமெல்லாம் கேட்டார்கள் என்று முதலில் விசாரியுங்கள்.