நெருங்கிப் போன விமானங்களும் கொட்டிப் போன காபியும்

எங்கள் தொழிலில் ஒன்றுமே நடக்காத நாள்தான் நல்ல நாள். ஆனால் அதற்காக யாரும் சபாஷ் சொல்வதில்லை. நான் மும்பையில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர். பெயர் நீளமே தவிர வேலை சின்னதுதான். ஒரு விமானத்துக்கும் இன்னொரு விமானத்துக்கும் நடுவில் இடம் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். காலையில் குர்லாவில் லோக்கல் ரயில் ஏறும் உங்களுக்கு ‘நடுவில் இடம்’ என்றால் சிரிப்பு வரும். என்ன செய்ய, வானத்தில் அது இல்லாமல் முடியாது.

தரை தொடாத விமானம்

ஏர்போர்ட் கோபுரத்தில் எனக்கு அது முதல் மழைக்காலம். இறங்கிய விமானம் ஒன்று ஓடுபாதையை விட்டு வெளியே திரும்பிக்கொண்டிருந்தது. தரையெல்லாம் தண்ணீர், பைலட் நிதானமாகத் திருப்பினார். அவர்மேல் தப்பில்லை. அதற்குள் அடுத்தது காட்கோபர் பக்கமிருந்து மழைக்குள் விளக்கைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டது. முன்னது விலகிவிடும் என்று மனசு சொல்கிறது, கண் நம்ப மறுக்கிறது. “இறங்க வேண்டாம், மேலே போங்கள்” என்று மைக்கில் சொல்லிவிட்டேன். கோபுரத்துக் கண்ணாடி அதிர, அது எங்கள் எதிரிலேயே தூக்கிக்கொண்டு மேகத்துக்குள் போனது. போன சூட்டோடு முன்னது விலகிவிட்டது! வீணாக ஒரு விமானம் நிறைய ஜனங்களைத் திருப்பி அனுப்பிவிட்டோமோ என்று தாராவியில் எங்கள் வீட்டுப் படி ஏறும்வரை குடைச்சல்.

அப்பா அப்போது ஏர்போர்ட் மதிலை ஒட்டிய சந்தில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தார். டீ குடிக்க வெளியே வந்தவர் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். “ஏளா, இன்னைக்கு ஒண்ணு தரையத் தொடப் போயி மேல கெளம்பிட்டுதே, நீயா சொன்ன?” என்றார். தலையை ஆட்டினேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: “நல்லதாப் போச்சு. உள்ள இருக்கவன் லேட்டாப் போனா வீட்டுல ஏச்சு வாங்குவான், அவ்வளவுதான?”

இரண்டு குரல்

சில வருஷம் கழித்து என்னை ரேடார் அறைக்கு மாற்றினார்கள். அங்கே ஜன்னல் கிடையாது. விமானங்கள் திரையில் புள்ளிகளாக நகரும். ஒரு மத்தியானம் ஒரே கம்பெனியின் இரண்டு விமானங்கள் என் கையில் இருந்தன. ஒன்றின் எண்ணில் இரண்டு இலக்கத்தை இடம் மாற்றிப் போட்டால் மற்றதன் எண். ஒன்றை இறங்கச் சொன்னேன். இரண்டு பைலட்களும் தங்களைத்தான் என்று நினைத்து ஒரே நேரத்தில் பதில் சொல்ல, என் காதில் விழுந்தது வெறும் கிறீச். திரும்பச் சொல்லுங்கள் என்று கேட்க வாயெடுப்பதற்குள், பக்கத்து நாற்காலியிலிருந்த இப்ராஹிம் அண்ணன் என் மேசையைத் தட்டினார். காயல்பட்டினத்துக்காரர், தன் வேலைக்கு நடுவிலும் ஒரு காதை எங்கள்பக்கம் வைத்திருப்பவர். “சென்னை வண்டி ஏன் எறங்குது?”

சென்னையிலிருந்து வந்த விமானம், நான் சொல்லாமலே இறங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே வேறொன்று ஏறிக்கொண்டிருந்தது. நான் பேசுவதற்குள் சென்னை பைலட்டின் குரல் வந்தது: எங்கள் கருவி மேலே ஏறச் சொல்கிறது, ஏறுகிறோம். விமானங்கள் ரொம்ப நெருங்கினால் அவற்றிலிருக்கும் கருவிகளே ஒன்றோடொன்று பேசி, ஒன்றை ஏறு என்றும் மற்றதை இறங்கு என்றும் சொல்லும். அந்த நேரத்தில் நாங்கள் குறுக்கே எதுவும் சொல்லக்கூடாது என்பது விதி. பேசுவதற்கே சம்பளம் வாங்குபவள் வாயை மூடிக்கொண்டு இரண்டு புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டின. பிறகு பிரிந்தன. “விலகிவிட்டோம்” என்று குரல் வந்தபோதுதான் மூச்சு வந்தது.

இப்படி நடந்தால் விசாரணை முடியும்வரை நாற்காலியை விட்டு எழுந்துவிட வேண்டும். அதுவும் விதிதான். வெளியே போய் உட்கார்ந்தேன். இப்ராஹிம் அண்ணன் தன் முறை முடிந்ததும் வந்து காகிதக் கோப்பையை என் முன்னால் வைத்தார். “ரெண்டும் பத்திரமா எறங்கிட்டுது தங்கச்சி. சாயா ஆறுது, குடி.”

மாடி வீட்டு மாமி

கல்யாணத்துக்குப் பிறகு செம்பூரில் இருக்கிறோம். அந்தச் சம்பவத்துக்கு மறுநாள் மாடி வீட்டு மாமி கையில் ஒரு பட்டுப் புடவையோடு வந்தார். தன் அண்ணா பேத்தி கல்யாணத்துக்குச் சென்னை போய்விட்டு முந்தின நாள்தான் திரும்பியிருக்கிறார். “தேமேன்னு போயிண்டிருந்த பிளேனைத் தூக்கிக் குலுக்கிட்டான்டி! சுடச்சுடக் காபி, அத்தனையும் மடியில. கறை போக என்ன போடறது, சொல்லு” என்றார்.

எந்த விமானம் என்று கேட்டேன். சொன்னார். அதேதான்.

என்ன நடந்தது என்று அவரிடம் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். புடவையை வாங்கிக் குழாயடியில் வைத்துக் கசக்கினேன். மாமி பக்கத்தில் நின்று பைலட்டை, கம்பெனியை, காபியை எல்லாம் விடாமல் திட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பெரிய அதிகாரி திட்டினால்கூட இப்படிக் கண் கலங்கியதில்லை. முகத்தைத் தாழ்த்திக்கொண்டேன். இந்தக் குரல் இன்றைக்கும் கேட்கிறதே என்று மனசு நிறைந்து போனது. கறை முழுசாகப் போகவில்லை. ஈரப் புடவையை வாங்கிக்கொண்டு போகும்போது மாமி சொன்னார்: “நீ ஏர்போர்ட்லதானேடி இருக்கே, கொஞ்சம் பாத்து ஓட்டுங்கோன்னு அவாகிட்டச் சொல்லப்படாதோ?”

லோக்கலில் வந்த கேப்டன்

விசாரணை முடிந்தது. இரண்டு குரலும் மோதிக்கொண்டதால் வந்த வினை என்றார்கள். அந்த மாதிரி எண்களை ஒன்றாக விடக்கூடாது என்று மாற்றினார்கள். நான் நாற்காலிக்குத் திரும்பினேன். ஒருநாள் அனுமதி வாங்கிக்கொண்டு ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது, சென்னை விமானத்தின் கேப்டன். இங்கேயே சான்பாடாவில் பிறந்து வளர்ந்தவர், பாதி ஹிந்தி கலந்த தமிழ். “எனக்கில்லாத இன்ஸ்ட்ரக்‌ஷனை நான் எடுத்துக்கிட்டேன், மாஃப் கரோ மேடம்” என்று மன்னிப்புக் கேட்டார். இப்ராஹிம் அண்ணனைக் கூப்பிட்டு, முதலில் கவனித்தவர் இவர்தான் என்று அறிமுகம் செய்தேன். கேப்டன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் விடவில்லை.

சொன்ன நேரத்துக்கு வெகுநேரம் கழித்துத்தான் வந்திருந்தார். ட்ராஃபிக்கா என்று கேட்டேன். “லோக்கல்ல வந்தேன் மேடம். முன்னாடி ஒரு வண்டி நிக்குதுன்னு கோவண்டி ஸ்டேஷன்ல எங்களை நிறுத்தி வெச்சுட்டாங்க. ரயில் டப்பா பூரா ரயில்வேகாரனைத் திட்டுச்சு, நான் மட்டும் வாயே தொறக்கல.”

திட்டிக்கொண்டே எல்லோரும் பத்திரமாக வீடு போய்ச் சேர்கிற இந்த ஊரில், அந்தத் திட்டில் ஒரு பங்கு எனக்கும் கிடைக்கிறதே, அதற்கே நான் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.