விருத்தாசலத்துக்கு வந்த அலைப்பலகைகள்

போன வாரம் விருத்தாசலம் பாலக்கரைக் கடையொன்றில் மெழுகுவத்தி வாங்கினேன். தேங்காய் வாசனை போட்டதாம். முகர்ந்ததும் சிரித்துவிட்டேன். கடைக்காரருக்கு என்ன தெரியும், எனக்கு அது கடல் வாசனை என்று!

படிப்பு முடிந்ததும் நான் வேலைக்குச் சேர்ந்தது புதுச்சேரியில், அலைச்சறுக்குப் பள்ளி ஒன்றில். கால் வழுக்காமலிருக்கப் பலகையில் தேய்க்கிற மெழுகு அப்படித்தான் மணக்கும். நான் அங்கே கணக்கெழுதினேன், அவ்வளவுதான். எங்கள் ஊர் மணிமுத்தாற்றில் முழங்கால் தண்ணீருக்கே அலறுகிறவள் நான்.

இலங்கையின் கிழக்குக் கரையிலிருந்து பயிற்சிக்கு வந்திருந்த ரிஸ்னா, கொட்டகையில் கிடந்த பழைய பலகைகளைத் தடவித் தடவிப் பார்ப்பாள். “எங்கட ஊர்ல எல்லாப் புள்ளைகளுக்கும் சேத்து ஒரு பலகைதான் அக்கா. ஒருத்தி அலையில போனா மத்தவங்க கரையில நிப்பம்” என்றாள். முதலாளியிடம் கேட்டேன். “எடுத்துக்குங்க, எடமாவது காலியாவட்டும்” என்றார்.

அவள் ஊர் திரும்பியபின் முதலில் ஒன்றை மட்டும் அனுப்பினேன். இரண்டு துண்டாகப் போய்ச் சேர்ந்தது. “பரவால்ல அக்கா” என்றாள் ரிஸ்னா. அந்தப் ‘பரவால்ல’தான் என்னைத் தூங்கவிடவில்லை. அங்கே நல்ல அலை வருகிற மாதங்கள் வேறு முடியப்போகின்றன.

அப்போதுதான் நூர்ஜஹான் நினைவு வந்தது. பள்ளித் தோழி. புருஷன் சவுதியில், இவள் இங்கே பீங்கான் பொம்மைகளை மூட்டை கட்டி ஊர் ஊராக அனுப்புகிறவள். போனிலேயே அதட்டினாள்: “இங்க கொண்டாடி. எங்க பொம்ம டெல்லி வரைக்கும் முழுசா போவுது, இது போவாதா?”

மீதிப் பலகைகளை வேன் மேல் கட்டிக்கொண்டு கிளம்பினேன். கம்மாபுரத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது பெரியவர் ஒருவர் அண்ணாந்து பார்த்தார்.

“என்னாம்மா, இஸ்திரி போடுற பலகையா? யாரு வூட்டு வேட்டிக்கு இவ்ளோ பெருசு?”

“கடல்ல இதும்மேல நின்னுக்கினே போவாங்க தாத்தா.”

“ஏன், உக்காந்துக்கினு போவக் கூடாதா?”

டீயைக் குடித்துவிட்டு வேனில் ஏறினேன்.

தன் பொம்மைக் கொட்டகையில் நூர்ஜஹான் பலகையைப் புரட்டிப் பார்த்தாள். “பொம்மைக்குக் கழுத்துதான் ஒடையும். இதுக்குக் கழுத்து எதுடி?” இரண்டு முனைகளையும், அடியில் மீன் துடுப்பு மாதிரி நீட்டிக்கொண்டிருந்ததையும் காட்டினேன். துடுப்புகளைக் கழற்றித் தனியாகச் சுற்றினாள். பொம்மைக்கு வைக்கிற வைக்கோல் வெளிநாட்டுக்கு ஆகாதென்று அட்டையும் பழைய பேப்பரும்.

கட்டுவதற்கு முன் அவளுக்கு ஆசை வந்துவிட்டது. ஒரு பலகையைப் பேப்பர் குவியல்மேல் போட்டு ஏறி நின்று கைகளை விரித்தாள். “அலை வருதுடி, புடி!” என்று கத்தியபடியே சரிந்தாள். அப்புறம் பொம்மை கட்டும் பெண்கள் ஒவ்வொருவராக ஏறி விழுந்தார்கள். புதுச்சேரியில் ஒருநாளும் ஏறாத நானும் ஏறினேன். விழுந்து சிரித்ததில் இடுப்புப் பிடித்துக்கொண்டது.

சில வாரம் கழித்து ரிஸ்னாவின் குரல்பதிவு போனில் வந்தது. பின்னால் அலையிரைச்சல், ஒரே கூச்சல். “அக்கா, எல்லாம் முழுசா வந்துட்டு! இண்டைக்கு கரையில ஒருத்தியும் இல்ல!” நூர்ஜஹான் அதைக் கொட்டகையில் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள்.

இப்போது அந்தக் கொட்டகை பைக் மெக்கானிக் கடை. நூர்ஜஹான் சவுதிக்கே போய்விட்டாள். புதுச்சேரிப் பள்ளியும் இல்லை. நேற்று ரிஸ்னாவிடம் பலகைகளைப் பற்றிக் கேட்டேன்.

“எங்களுக்கு இப்ப சொந்தப் பலகை இருக்கு அக்கா. அதுகள வேற ஊர்ப் புள்ளைகளுக்குக் குடுத்துட்டம். அவங்களும் யாருக்கோ குடுத்துட்டாங்களாம்.”

“இப்ப எங்கதான் இருக்குது?”

“தெரியா அக்கா. தண்ணியிலதான் நிக்கும்.”