கேட்டவர் தட்ட வேண்டும்

கடந்த வியாழக்கிழமை காலை வேலைக்குப் போவதற்காகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. ஸ்காபரோவில் நாங்கள் முன்பு குடியிருந்த மாடிக் கட்டடத்திலிருந்து தவமணி அக்கா பேசினார். 'சுகமோ, பிள்ளை சுகமோ, அங்கை மழையோ' என்று ஊரெல்லாம் சுற்றிவிட்டே விஷயத்துக்கு வருகிறவர், அன்று ஒரே மூச்சில் சொன்னார்.

"தம்பி, சுலா அன்ரி எங்களை விட்டிட்டுப் போட்டா. குழாயில தட்டியாச்சு. உங்களுக்குக் கேட்டிராது எண்டுதான் ரெலிபோன் எடுத்தனான்."

ஒரு சப்பாத்தோடு அப்படியே படியில் இருந்துவிட்டேன். குழாயில் தட்டியாச்சு என்றால் என்னவென்று அந்தக் கட்டடத்துச் சனத்துக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்கு நான் தொடக்கத்திலிருந்துதான் சொல்ல வேண்டும்.

அன்ரியின் முழுப்பெயர் சுலஸ்திரி. இந்தோனேசியாவில், ஜாவாத் தீவின் வடகரையில், ஓர் ஆறு கடலில் விழும் இடத்தில் முவாரா என்றொரு சின்ன ஊர். அதுதான் அவர் பிறந்த இடம். எங்களூர்க் கப்பல்காரர் செல்லத்துரை அண்ணை, தன் கப்பல் பழுதாகிப் பக்கத்துத் துறைமுகத்தில் கிடந்த காலத்தில் அவரைக் கண்டு, விரும்பி, கட்டி, யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிவந்தார். 'கப்பலுக்குப் போறவன் றேடியோ கொண்டுவருவான், இவன் மனிசியைக் கொண்டுவந்திருக்கிறான்' என்று ஊர் சிரித்ததாம். சிரித்தவர்கள் சிரித்து முடிப்பதற்குள் அன்ரி தமிழ் படித்துவிட்டார். யாழ்ப்பாணத்துத் தமிழ்தான். ஆனால் கைக்குழந்தையையும் பூனையையும்கூட 'நீங்கள்' என்றுதான் கூப்பிடுவார். பிறகு போர் வந்தது. எல்லாரையும்போல அவர்களும் கனடாவுக்கு வந்தார்கள். பிள்ளைகள் இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நானும் மனைவி வசந்தியும் அந்தக் கட்டடத்துக்குக் குடிபோனபோது, அண்ணையும் காலமாகி, அன்ரி தனியாக இருந்தார். அஜின்கோர்ட்டில் உடுப்புத் தைக்கும் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு வேலை.

அவரை நான் முதலில் அறிந்தது மூக்கால். மாடி நடையில் ஒரு மணம், அப்பப்பா! தவமணி அக்கா கதவைத் திறந்துகொண்டு பாய்ந்து வந்தார்.

"என்ன உது? ஆரோ செத்துக் கிடக்கிற மாதிரி!"

அடுத்த வீட்டுக் கதவு திறந்தது. கையில் பொரிக்கிற தாச்சியோடு ஒரு சின்ன உருவம்.

"கூனி இறால், தவமணி. இடிச்சு வெயிலில காயவைச்சது. உங்கட மாசிக் கருவாடு மட்டும் மல்லிகைப்பூவோ?"

இந்தச் சண்டை பல வருடம் நடந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுத்ததும் இல்லை, ஒரு நாள் காணாவிட்டால் பொறுத்ததும் இல்லை.

முவாராவை நான் கண்டதில்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அங்கே நடக்கலாம் போல இருக்கிறது. ஒரே ஒரு வீதி, மாரியில் முழங்கால் வரை சேறு. ஒரு பக்கம் படகுகள், மறுபக்கம் பாலைமீன் வளர்க்கும் குளங்கள். படகின் முகப்பில் இரண்டு கண் வரைவார்கள், படகுக்கும் வழி தெரியவேண்டுமாம். கடல் ஆண்டுதோறும் கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டு வரும். முன்வரிசை வீட்டுக்குள் தண்ணீர் வந்ததும், ஊரே கூடி அந்தப் பலகை வீட்டைக் கழற்றித் தோளில் தூக்கிப்போய்ப் பின்னால் நிறுத்திவிடும். அன்ரி பிறந்தபோது அவர்களுடையது கடைசி வரிசை வீடு. கலியாணம் கட்டும்போது, வீடு அசையாமலே, முதல் வரிசைக்கு வந்திருந்தது.

"நல்ல ஊர் அன்ரி" என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நல்ல ஊரெண்டு ஆர் சொன்னது? நுளம்புக் கடி, சேறு, புறணி. என்ர பெரியம்மாவின்ர வாயைக் கேட்டிருந்தால் நீங்கள் உப்பிடிச் சொல்லமாட்டியள் தம்பி. ஆனால் ஒண்டு. அங்க ஒருத்தருக்கு ஒண்டெண்டால் ஊருக்குத் தெரியாமல் இராது."

அதற்கு அவர்களிடம் ஒரு வழி இருந்தது. ஒவ்வொரு வீட்டு முகப்பிலும் குடைந்தெடுத்த மரத்துண்டு ஒன்று தொங்கும். தடியால் தட்டினால் நெடுந்தூரம் கேட்கும். விட்டுவிட்டு ஒவ்வொன்றாகத் தட்டினால் சாவு. விடாமல் தட்டினால் ஆபத்து, ஓடி வா. கேட்டவர் தன் வீட்டு மரத்தைத் தட்ட வேண்டும், அதைக் கேட்ட அடுத்தவர் தன்னுடையதை. தேத்தண்ணிக்கு வைத்த தண்ணீர் கொதிப்பதற்குள், கடைசிக் குளத்தில் நிற்பவனுக்கும் செய்தி போய்விடும் என்பார் அன்ரி.

இதெல்லாம் வெறும் ஊர்க்கதையாகத்தான் இருந்திருக்கும். ஆனால் எட்டாம் மாடியில் தனியே இருந்த இராசையா அண்ணை இறந்துபோனார். இறந்து சில நாள் கழித்துத்தான் கதவை உடைத்தார்கள். கீழே, லிப்ற் வாசலில், அவரைக் கொண்டுபோவதைப் பார்த்துக்கொண்டு சனம் நின்றது. அன்ரி எல்லாருக்கும் கேட்கத்தக்கதாகச் சொன்னார்.

"றேடியோவில மரண அறிவித்தல் வாசிப்பினம். ஒஷாவாவில இருந்தும் சனம் காரில வரும். மனிசன் விழுந்து கிடக்கேக்க பக்கத்து வீட்டுக்குத் தெரியேல்லை. இனி இந்தக் கட்டடத்தில உப்பிடி ஒருத்தரும் கிடக்கக் கூடாது. நான் விடமாட்டன்."

நாங்கள் தலையாட்டினோம். தலையாட்டுவது சுலபம்தானே. அன்ரி அந்தக் கிழமையே வேலையில் இறங்கிவிட்டார். அந்தக் கட்டடத்தில் வீட்டைச் சூடாக்கும் தண்ணீர்க் குழாய் ஒவ்வொரு வீட்டுக் குளியலறை மூலையாலும் மேலிருந்து கீழே இறங்கும். இரும்புக் குழாய். அதில் கரண்டியால் தட்டினால் மேலும் கீழும் அத்தனை மாடிக்கும் கேட்கும். அவர் ஒரு தகரக் கரண்டியையும் துணிப்பையையும் எடுத்துக்கொண்டு, வேலை முடிந்து வந்த களைப்போடு, மாடி மாடியாகக் கதவு தட்டினார். கதவு திறந்தவர்களிடம் ஒரே சட்டம்தான் சொன்னார்.

"கேட்டவர் தட்டவேணும். வேறை ஆரும் தட்டுவினம் எண்டு இருக்கக் கூடாது."

சனம் சும்மா விடுமா? இந்த மனிசிக்கு விசர் என்றார்கள். எங்களை வீட்டை விட்டு எழுப்பிப்போடுவாங்கள் என்றார்கள். அம்புலன்ஸ் கூப்பிட ரெலிபோன் இருக்குத்தானே என்று நானும் கேட்டேன். "ரெலிபோன் குசினிச் சுவரில தொங்குது. குளிக்கேக்க விழுந்தவர் அதை எப்பிடித் தம்பி எடுக்கிறது?" என்றார். ஒரு தாய் மட்டும், "அன்ரி, சத்தத்துக்குப் பயந்துதானே ஓடி வந்தனாங்கள். இஞ்சையும் சத்தமோ?" என்று அழுதார். அன்று அன்ரி வாதாடவில்லை. அந்த வீட்டிலேயே இருந்து, குழாயை மெதுவாகத் தட்டிக் காட்டி, பிறகு கரண்டியை அந்தத் தாயின் கையிலேயே கொடுத்துத் தட்டச் சொன்னார். "கேளுங்கோ பிள்ளை. உது குண்டு இல்லை. உது நாங்கள்."

கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் போலந்துக்காரர், எல்லாரும் 'சூப்பர்' என்று கூப்பிடுகிறவர், குழாயில் தட்டக் கூடாது என்று லிப்ற்றுக்குள் அறிவித்தல் ஒட்டினார். அன்ரி என்னை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு அவரிடம் போனார். எனக்கு அங்கே ஒரு வேலையும் இருக்கவில்லை. 'குழாய் உடைந்தால் நான் பொறுப்பு, மனிசர் உடைந்தால் யார் பொறுப்பு?' என்று, தெரிந்த ஆங்கிலத்தில் அவரே கேட்டுவிட்டார். அந்த மனிதர் அன்ரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கூரையைப் பார்த்தார். அறிவித்தல் ஒட்டியபடியே இருந்தது. அதைப் பற்றி அவர் பிறகு வாய் திறக்கவில்லை.

பெடியங்கள் விளையாட்டுக்குத் தட்டத் தொடங்கினார்கள். எப்போது கேட்டாலும் அன்ரி மூச்சுவாங்கப் படியேறிப் போய், "ஆருக்கு என்ன?" என்று நிற்பார். ஒருநாள் பொய்யாகத் தட்டிய ஒரு பெடியனின் வீட்டுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. எங்களையும் கூப்பிட்டு, ஒரு கூட்டமாக அந்த வீட்டு வரவேற்பறையில் இருத்திவிட்டார். "எங்கட ஊரிலையும் ஒருவன் உப்பிடித் தட்டினவன். சனமெல்லாம் வாளியோட ஓடிப்போய், அவன்ர வீட்டில தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் எழும்பினது." பெடியனின் தாய் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றினார். பெடியன்தான் பரிமாறினான். அதற்குப் பிறகு பொய்த் தட்டல் இல்லை.

இனி என் வீட்டுக் கதை. வசந்திக்கு வயிற்றில் எட்டாம் மாதம். நல்ல பனிக்காலம், மத்தியானம். நான் தொழிற்சாலையில். குளியல் தொட்டியில் கால் வழுக்கி விழுந்துவிட்டாள். எழும்ப முடியவில்லை, இரத்தமும் போயிற்று. கைக்கு எட்டியது ஒரு செம்பும் அந்தக் குழாயும்தான். விடாமல் தட்டியிருக்கிறாள். மேலே தட்டினார்கள், கீழே தட்டினார்கள். தவமணி அக்கா தட்டிவிட்டு நடைக்கு ஓடிவந்து கத்தினார். அன்ரிக்கு அன்று பின்னேர வேலை, வீட்டில் நின்றிருக்கிறார். எந்த வீடு என்று தெரியாமல், மாடி மாடியாக ஓடிக் கதவு கதவாகக் காது வைத்துக் கண்டுபிடித்தார். எங்கள் கதவைத் திறக்கத் திறப்போடு ஓடி வந்தவர் யாரென்று நினைக்கிறீர்கள்? அறிவித்தல் ஒட்டிய சூப்பர்தான். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் இரண்டு உயிரும் இல்லை என்றார் டொக்டர். என் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். இதற்கு நன்றி சொல்லத் தமிழில் எனக்குச் சொல் தெரியவில்லை.

அன்று ஆஸ்பத்திரி நடையில் அன்ரி என்னோடு காத்திருந்தார். கோப்பி வாங்கிக் கொடுத்தேன். குடிக்காமல் வைத்துக்கொண்டு, முன்பு ஒருபோதும் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"எனக்கொரு தம்பி இருந்தவர். ஆத்துவாயில படகு பிரண்டிட்டுது. பட்டப்பகல். அவர் கூப்பிட்ட சத்தம் எங்கட வரிசையில எல்லாருக்கும் கேட்டது. பக்கத்து வீடு தட்டும் எண்டு இந்த வீடு இருந்தது, இந்த வீடு தட்டும் எண்டு அந்த வீடு இருந்தது. வீட்டுக்கு வீடு மரம் தொங்கின ஊர் தம்பி. ஒருத்தரும் தட்டேல்லை. நானும்தான். எனக்கு அப்ப பன்ரெண்டு வயசு."

பிறகு கோப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, வேலைக்கு நேரமாகிறது என்று எழும்பிப் போய்விட்டார்.

சில வருடங்களில் நாங்கள் ரூஜ் பக்கம் புதுவீடு வாங்கிக்கொண்டு போனோம். வீடு பார்க்க வந்த அன்ரி, மாபிளையும் பார்க்கவில்லை, மரத்தரையையும் பார்க்கவில்லை. நேரே குளியலறைக்குப் போனார். "பைப் எல்லாம் சுவருக்குள்ள போகுது. இஞ்ச தட்டினால் ஆருக்குக் கேக்கும்?" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கொண்டுவந்த பலகாரத்தை இரண்டாகப் பிரித்து, இரண்டு பக்கத்து வீட்டுக்கும் போய், எங்களுக்கே பெயர் தெரியாத அந்தச் சனத்திடம், "இவை என்ர பிள்ளையள். சத்தம் கேட்டால் வாங்கோ" என்று சொல்லிவிட்டு வந்தார்.

எங்களுக்குள் ஒரு பயம் எப்போதும் இருந்தது. மற்றவர்களுக்காக இவ்வளவு பாடுபட்ட மனிசி, கடைசியில் தான் தனியே கிடந்துவிடுவாரோ என்று. வசந்தி பலமுறை எங்களோடு வந்திருக்கச் சொன்னாள். "குழாய் இல்லாத வீட்டுக்கு நான் வரமாட்டன்" என்று மறுத்துவிட்டார்.

வியாழன் காலை அவர் இறால் பொரித்துக்கொண்டிருந்தபோது நெஞ்சு வலித்திருக்கிறது. குளியலறை வரை போய்க் கரண்டியால் தட்டியிருக்கிறார். பெலமில்லாத தட்டல்தானாம். ஆனாலும் முழுக் கட்டடமும் எழுந்துவிட்டது. அடுப்பை நிற்பாட்டி, தவமணி அக்கா அவரை மடியில் சாய்த்துக்கொண்டார். வீட்டுக்குள் சனம், நடையில் சனம், படியில் சனம். அன்ரி கண்ணைத் திறந்து எல்லாரையும் பார்த்தாராம்.

"எல்லாரும் வந்திட்டியளோ? கதவைச் சாத்துங்கோ. மணம் வெளியில போனால் தவமணி பேசுவா."

அதுதான் அவருடைய கடைசிப் பேச்சு. அம்புலன்ஸ் வருவதற்கு முன் முடிந்துவிட்டது. அவரின் கண்ணை மூடிவிட்டு, அதே கரண்டியை எடுத்து, விட்டுவிட்டு ஒவ்வொன்றாகத் தட்டியவர் தவமணி அக்கா. தமக்குப் பிடிக்காத அந்த மணத்துக்குள் நின்றுதான் தட்டியிருக்கிறார்.

அவருடைய இஸ்லாமிய மார்க்கப்படி மறுநாளே அடக்கம். பள்ளிவாசலில் ஜனாஸா தொழுகை முடிந்ததும், வண்டியைக் கட்டடத்தின் முன்னால் ஒருமுறை கொண்டுபோகச் சொல்லிக் கேட்டோம். அவர்கள் மறுக்கவில்லை. நானும் வசந்தியும் மகளும் கார் நிறுத்துமிடத்தில் நின்றோம். வண்டி வந்து நின்றதும், அன்ரியின் பல்கனியில் தவமணி அக்கா கரண்டியால் கம்பியில் ஒருமுறை தட்டினார். பிறகு மேல்மாடி, அதன் மேல்மாடி. பிறகு இடமும் வலமும். தமிழர், சீனர், கயானாக்காரர், எல்லாரும் பல்கனிக்கு வந்து நின்று, கரண்டியாலும் திறப்பாலும் மெதுவாக, ஒவ்வொன்றாகத் தட்டினார்கள். கீழ் வாசலில் சூப்பர் தொப்பியைக் கழற்றி ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் இரும்புத் தூணில் தட்டினார். வண்டி திரும்பித் தெருவில் மறையும் வரை ஒருவரும் நிறுத்தவில்லை. நான் வாய்விட்டு அழுதேன்.

அன்று வீட்டுக்கு வந்து, குளியலறைச் சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். இங்கே தட்டினால் யாருக்குக் கேட்கும்? அதனால்தான் மேசைக்கு முன்னால் இருந்து இதை எழுதினேன். முவாரா என்ற ஊரில் பிறந்த சுலஸ்திரி என்ற மனிசி ஸ்காபரோவில் காலமானார். தனியே அல்ல.

போய் வாருங்கள் அன்ரி. எனக்குக் கேட்டது. தட்டிவிட்டேன்.